பிஸ்கட் டின்னில் ஒரு தீபாவளி

(சுவா சூ காங்கில் ஒளிப்பதிவு செய்யப்பட்ட ‘பகிர்ந்தால் குறையுமா?’ என்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில், நிகழ்ச்சிப் படைப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசியவர்கள் உணவைப் பகிர்வதையும் உழைப்பைப் பகிர்வதையும் பற்றி அழகாகச் சொன்னார்கள். நான் பேசப்போவது ஒரு பிஸ்கட் டின்னைப் பற்றி.

இங்கிருந்து பத்து நிமிட நடையில், தெக் வாய் வட்டாரத்தில் என் மாமா வீடு இருக்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அதே வீவக வீடு. சென்ற ஆண்டு வீட்டைப் புதுப்பிக்கச் சாமான்களை ஒதுக்கியபோது, அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின் கிடைத்தது. ஊசி, நூல், பொத்தான் இருக்கும் என்று நினைத்துத் திறந்தேன். உள்ளே முப்பது, நாற்பது ஃபிளாப்பி வட்டுகள். ஒவ்வொன்றிலும் பேனாவால் எழுதி ஒட்டிய சீட்டு. ஒன்றில் மட்டும் தமிழில் ‘தீபாவளி 90’ என்று இருந்தது.

“இது என்ன மாமா?” என்று கேட்டேன்.

“அது நான் செய்த விளக்கும்மா” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

உருளாத பந்து

இங்கே இருக்கும் இளையர்களுக்கு ஒரு சிறு விளக்கம். 1980களில் வீட்டுக் கணினி என்பது ஆடம்பரப் பொருள். 1982இல் வந்த கொமடோர் 64 கணினியின் நினைவகம் 64 கிலோபைட். மாமா வாங்கியது 1987இல் வெளிவந்த அமிகா 500. அதன் நினைவகம் 512 கிலோபைட். அதில் போடும் ஃபிளாப்பி வட்டு 880 கிலோபைட் கொள்ளும். இன்று உங்கள் கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம்கூட அந்த ஒரு வட்டுக்குள் அடங்காது.

அவ்வளவு சிறிய இடத்துக்குள் சிலர் படங்களை ஓடவிட்டார்கள், ஆடவிட்டார்கள். அதற்கு ‘டெமோ’ என்று பெயர். அது விளையாட்டும் அன்று, கணக்கு மென்பொருளும் அன்று. ‘இந்த இயந்திரத்தால் என்ன முடியும் பார்’ என்று காட்டுவதற்காகவே எழுதிய நிரல்.

அமிகா விற்பனைக்கு வருவதற்கு முன்பே, 1984 ஜனவரியில், அமெரிக்க மின்னணுப் பொருட்காட்சி ஒன்றில் அப்படிப்பட்ட டெமோவைக் காட்டினார்கள். சிவப்பும் வெள்ளையும் கட்டம் போட்ட ஒரு பந்து சுழன்றபடியே துள்ளும். அவ்வளவுதான். பார்த்தவர்கள் அதை நம்பாமல், மேசைக்குக் கீழே வேறொரு பெரிய இயந்திரம் ஒளிந்திருக்கிறதா என்று தேடினார்களாம்.

அதில் ஒரு சூட்சுமம் உண்டு. அந்தப் பந்து உண்மையில் சுழலவே இல்லை. பந்தின் படம் ஒன்றுதான். அதிலுள்ள கட்டங்களின் நிறங்களை மட்டும் வரிசையாக மாற்றிக்கொண்டே இருந்தார்கள். நம் கண் அதைச் சுழற்சி என்று எடுத்துக்கொண்டது. சிராங்கூன் சாலையில் தீபாவளி ஒளியூட்டைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? விளக்குகள் இடம்விட்டு நகர்வதில்லை. ஒன்று அணைந்து அடுத்தது எரிகிறது. நமக்கு மயில் தோகை விரிப்பதாகத் தெரிகிறது. பந்தின் கதையும் அதுதான்.

1986இல் எரிக் கிரகாம் என்பவர் இன்னொரு டெமோ செய்தார். பளபளக்கும் மூன்று கண்ணாடிப் பந்துகளை ஒரு பொம்மை மனிதன் தூக்கிப் போட்டுப் பிடிப்பான். பந்துகளில் சுற்றுப்புறம் பிரதிபலிக்கும். மொத்தம் 24 படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஒளி எங்கே பட்டு எங்கே திரும்பும் என்று கணக்கிட அந்தக் கணினி ஏறத்தாழ ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டது. ஒரு பகலும் ஓர் இரவும் கணக்குப் போட்டுக் கிடைத்தது, ஒரு நொடிக்குள் ஓடிவிடும் காட்சி. கணினியைச் செய்த நிறுவனமே முதலில் நம்பவில்லை. நிரலை அனுப்பிக் காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டது.

இந்தப் பந்தாட்டக்காரன் கடைகடையாக, வீடுவீடாக உலகம் சுற்றினான். அப்போது பொதுமக்களுக்கு இணையம் இல்லை. வட்டிலிருந்து வட்டுக்கு நகலெடுத்துக் கைமாற்றினார்கள். அமெரிக்காவில் ஃபிரெட் ஃபிஷ் என்ற பொறியாளர், தாராளமாகப் பகிரலாம் என்று எழுதியவர்களே அனுமதித்த நிரல்களைத் திரட்டி, 1986 முதல் 1994 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட வட்டுகளாக வெளியிட்டார். ஐரோப்பாவில் பள்ளிப் பிள்ளைகள் தபாலில் வட்டு அனுப்பிக்கொண்டார்கள். தபால்தலை வாங்கக் காசில்லாமல், அதன்மேல் பசை தடவி அனுப்பி, முத்திரை மையைக் கழுவி மீண்டும் பயன்படுத்தியதாகவும் சொல்வார்கள். அது தவறுதான். ஆனாலும் அந்த ஆர்வத்தைப் பாருங்கள்.

நகலெடுக்கும் நேரம், பேசும் நேரம்

சிங்கப்பூருக்கு வருவோம். 1980களின் நடுவில் உலகிலேயே அதிக வன்தட்டு இயக்கிகளைத் தயாரித்த இடம் நம் நாடு. ஆப்பிள் நிறுவனத்துக்கு 1981 முதலே அங் மோ கியோவில் தொழிற்சாலை இருந்தது. என் மாமாவும் ஒரு வட்டு இயக்கித் தொழிற்சாலையில் தொழில்நுட்பராக இருந்தவர். பகலில் வேலை வட்டு, இரவில் விளையாட்டு வட்டு என்று அத்தை கேலி செய்வார்.

கணினிப் பொருள் வாங்க வேண்டுமென்றால் 1985இல் திறந்த ஃபுனான் சென்டர், இல்லையென்றால் 1987இல் திறந்த சிம் லிம் ஸ்குவேர். தேக்காவுக்கு அருகிலேயே இருந்ததால் மாமாவுக்குச் சிம் லிம்தான் வசதி. சுவா சூ காங்கிற்கு எம்ஆர்டி வந்தது 1990 மார்ச்சில்தான். அதற்கு முன் புக்கிட் தீமா சாலை வழியாகப் பேருந்தில் ஒரு நெடும்பயணம். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் மீன், காய்கறி வாங்கிக்கொண்டு, பையோடு சிம் லிம் கடைகளுக்கு முன்னால் போய் நிற்பாராம். கடைக்காரர்கள் ஆளை இழுப்பதற்காகத் திரையில் டெமோ ஓடவிடுவார்கள். பையிலிருந்து மீன் தண்ணீர் சொட்டுவதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டு நிற்பாராம்.

மாமாவுக்கு ஒரு நண்பர் இருந்தார். அதே தொழிற்சாலை, அதே புளோக், மூன்று மாடி கீழே. அவரிடமும் அமிகா இருந்தது. யாருக்குப் புது டெமோ கிடைத்தாலும் அன்றிரவே மற்றவர் வீட்டில் ஆஜர்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கணினியில் வட்டு இயக்கி ஒன்றுதான் இருக்கும். நினைவகமோ முழு வட்டையும் ஒரே மூச்சில் கொள்ளாது. எனவே நகலெடுக்க, மூல வட்டைப் போடு, எடு, வெற்று வட்டைப் போடு, எடு என்று மாற்றி மாற்றிச் செருக வேண்டும். அதற்குச் சில நிமிடம் ஆகும். அந்தச் சில நிமிடத்தில் என்ன செய்வது? பேசுவார்கள். “இத்தனை நிறம் எப்படி வந்தது?” “நிழலை எப்படி நகர்த்தினான்?” “அந்த எழுத்து வளைந்து வளைந்து ஓடுகிறதே, எப்படி?” ஒருவர் ஊகிப்பார், மற்றவர் மறுப்பார். கடைசியில் காகிதத்தில் கட்டம் போட்டு வரைந்து பார்ப்பார்கள். அத்தை கொடுத்த தேநீர் ஆறிப்போகும்.

மாமா சொன்னார்: “எனக்கு யாரும் கணினி வரைகலை சொல்லிக் கொடுக்கவில்லை. காப்பி எடுக்கும்போது பேசிய பேச்சில் கற்றுக்கொண்டதுதான்.”

இன்று ஒரு காணொளியை நூறு பேருக்கு அனுப்ப ஒரு நொடி போதும். அதைப் பற்றி ஒருவரோடாவது ஐந்து நிமிடம் பேசுகிறோமா? பகிர்வு வேகமானது, பேச்சு காணாமல் போனது. இதை யாரையும் குறை சொல்லிப் பேசவில்லை. நானும் அப்படித்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

ஓடும் வரியில் ஒரு பெயர்

டெமோக்களின் பிறப்பைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். திருட்டு நகல் விளையாட்டுகளோடு ஒட்டிப் பிறந்த பிள்ளை இது. பூட்டை உடைத்தவர்கள், ‘உடைத்தது நாங்கள்’ என்று விளையாட்டின் தொடக்கத்தில் ஒரு சிறு காட்சியைச் சேர்த்தார்கள். பிறகு அந்தக் காட்சியே தனிக்கலையாக வளர்ந்தது. நம் ஊரிலும் அந்நாளில் நகல் மென்பொருள் தாராளமாகப் புழங்கியது. 1987இல் பதிப்புரிமைச் சட்டம் வந்தது. விற்பதற்காக ஒருவர் உழைத்துச் செய்ததை இலவசமாக எடுத்துக்கொள்வது பகிர்வு ஆகாது. அதை நான் ஆதரிக்கவில்லை.

ஆனால் டெமோ செய்தவர்கள் கொடுப்பதற்காகவே செய்தார்கள். அவர்கள் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்று. திரையின் அடியில் வலமிருந்து இடமாக ஒரு வரி ஓடும். நிரல் இன்னார், படம் இன்னார், இசை இன்னார், எங்கள் வணக்கம் இன்ன இன்ன குழுவினருக்கு என்று. எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் கொடு. அந்த வரியில் கை வைக்காதே. அதுதான் அவர்கள் எழுதாமல் எழுதிக்கொண்ட சட்டம்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் நான் பொதுமக்கள் தொடர்பியல் பட்டயம் படித்தபோது, நிகழ்ச்சியின் முடிவில் பெயர்ப்பட்டியல் விடுபட்டால் மதிப்பெண் போய்விடும். அப்போது சலித்துக்கொண்டோம். இப்போது, படக்கருவி பிடித்தவரும் ஒப்பனை செய்தவரும் தங்கள் பெயர் ஓடும் இரண்டு நொடிக்காக வீட்டாரை எழுப்பிக் காட்டுவதைப் பார்க்கும்போது அதன் அருமை புரிகிறது.

பெயரை அழிக்காமல் கைமாற்றியதால் என்ன கிடைத்தது? பின்லாந்தில் ‘ஃபியூச்சர் குரூ’ என்ற இளைஞர் குழு 1993இல் ‘செகண்ட் ரியாலிட்டி’ என்ற டெமோவைச் செய்தது. உலகமெங்கும் நகலாகப் பரவியது. இருபது ஆண்டு கழித்து, 2013இல், அதன் நிரல் முழுவதையும் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். அந்தக் குழுவைச் சேர்ந்தவர்கள் 1995இல் தொடங்கிய ரெமடி நிறுவனம் உலகப் புகழ்பெற்ற கணினி விளையாட்டுகளைத் தயாரித்தது. 2020இல் பின்லாந்து, டெமோக் கலையைத் தன் மரபுடைமைத் தேசியப் பட்டியலில் சேர்த்தது. அடுத்த ஆண்டு ஜெர்மனியும் சேர்த்தது. அதே 2020 டிசம்பரில்தான் நம் உணவங்காடிக் கலாசாரம் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. பிள்ளைகள் தூங்காமல் விளையாடிக்கொண்டிருந்த ஒன்றை ஒரு நாடு தன் மரபு என்று எடுத்து வைத்துக்கொண்டது.

அந்த டெமோக்களின் இசையை உலகம் கேட்டதில் சிங்கப்பூருக்கும் பங்கு உண்டு. நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்த சிம் வோங் ஹூ, நண்பரோடு 1981இல் கிரியேட்டிவ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1986இல் அவர்கள் செய்த ‘கியூபிக் சிடி’ என்ற பேசும் கணினி விற்பனையில் தோற்றது. ஒலியில் கற்ற பாடத்தை அவர்கள் விடவில்லை. 1989இல் ‘சவுண்ட் பிளாஸ்டர்’ ஒலி அட்டை வந்தது. அதுவரை பீப் பீப் என்று கத்திக்கொண்டிருந்த அலுவலகக் கணினிகள் பாட ஆரம்பித்தன. அந்த அட்டையோடு ஒரு டெமோவும் வரும். திரையில் ஒரு கிளி. ஒலிவாங்கியில் நாம் பேசினால் அதைத் திருப்பிச் சொல்லும், வாயாடும். சிராங்கூன் சாலை ஓரத்தில் கிளி சோதிடம் பார்த்து வளர்ந்த நம்மவர்களுக்கு அந்தக் கிளி புதிதா என்ன?

எழுத்து இல்லாத கணினியில் தமிழ்

இனி மாமாவின் விளக்குக்கு வருகிறேன்.

1990 தீபாவளிக்கு ஒரு வாழ்த்து டெமோ செய்ய அவருக்கு ஆசை வந்தது. ‘டீலக்ஸ் பெயின்ட்’ மென்பொருளில் ஒரு குத்துவிளக்கு வரைந்தார். சுடருக்கு மட்டும் எட்டுப் படம். பித்தளை மின்னுவதற்கு, அந்தப் பந்தில் செய்த அதே நிறம் மாற்றும் வித்தை. அடியில் ‘தீபாவளி நல்வாழ்த்துகள்’ என்ற வரி ஓட வேண்டும். கடைசியில் அவருடைய பெயர்.

ஆனால் அவர் கணினியில் தமிழ் எழுத்து ஏது? மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985 முதல் ‘முரசு’ மென்பொருளை உருவாக்கிவந்தார். இங்கே நா. கோவிந்தசாமி அவர்கள் ‘கணியன்’ படைத்தார். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏறியபோது தமிழையும் அங்கே நிற்க வைத்தவர் அவர். 1997இல் தமிழ் இணைய மாநாடு சிங்கப்பூரில் நடந்தது. இவையெல்லாம் மாமாவின் அமிகாவை எட்டவில்லை. ஆகவே வரைகட்டத் தாளில் ‘தீ’, ‘பா’, ‘வ’, ‘ளி’ என்று ஒவ்வோர் எழுத்தையும் புள்ளி புள்ளியாக வரைந்து, பிறகு கணினியில் புள்ளி புள்ளியாக வைத்தார். ‘ழ்’ மட்டும் மூன்று இரவு எடுத்ததாம்.

முடித்ததும் ஒரு நகலை நண்பரிடம் கொடுத்தார். தீபாவளிக்கு முந்தைய வாரம் பொருள் வாங்கப் போனபோது, ஒரு கணினிக் கடையின் திரையில் அவருடைய விளக்கு எரிந்துகொண்டிருந்தது! நண்பர்தான் கொடுத்திருக்கிறார். மாமாவைக் கேட்கவில்லை. “என் சாமானைத் திருடி ஊருக்குக் காட்டிவிட்டான்” என்று மாமா கொதித்தார். மாடிப்படியில் வைத்துச் சத்தம். அதோடு பேச்சு நின்றது. பிறகு மாமா யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை. வட்டுகள் டின்னுக்குள் போயின. நண்பர் ஈசூனுக்கு வீடு மாறிப் போனார்.

மாமாவின் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தைதானே?

சரி, டின்னிலிருந்த வட்டு என்னவாயிற்று? நம் ஊர் ஈரக்காற்று சும்மா இருக்குமா? திறப்பை நகர்த்திப் பார்த்தால், பழுப்புநிறத் தகட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. பழைய கணினிகளில் ஈடுபாடுள்ள ஓர் அன்பரிடம் கொண்டுபோனேன். சுத்தம் செய்து, சிறப்புக் கருவியில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. முப்பத்துச் சொச்சம் ஆண்டு பத்திரமாகப் பூட்டி வைத்தது வெறும் பிளாஸ்டிக் ஆகிவிட்டிருந்தது.

நண்பரைத் தேடினேன். அவர் 2014இல் காலமாகிவிட்டார். அவருடைய மகள் தகப்பனாரின் பொருள்களை ஒரு பெட்டியில் வைத்திருந்தார். அதில் பதினோரு வட்டுகள். அலமாரிக்கு உள்ளே, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு. ஒன்றில் ‘தீபாவளி’ என்று இருந்தது.

அதுவும் பாதிதான் படிக்க முடிந்தது. மாமா வீட்டு வரவேற்பறையில் மடிக்கணினியில் ஓடவிட்டோம். விளக்கு வந்தது. சுடர் ஆடியது. பித்தளை மின்னியது. அடியில் எழுத்து ஓடி வந்தது. ‘தீபாவளி நல்வா’ என்பதோடு நின்றுவிட்டது. மூன்று இரவு வரைந்த ‘ழ்’ வரவில்லை. கடைசியில் வரவேண்டிய மாமாவின் பெயரும் வரவில்லை.

ஆனால் வட்டின்மேல் ஒட்டிய சீட்டில், நண்பரின் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: ‘வரைந்தவர்’ என்று போட்டு, மாமாவின் பெயர், தகப்பனார் பெயரோடு முழுமையாக. திருடினார் என்று மாமா சொன்னாரே, அவர் எழுதியது. திரையைவிட அந்தச் சீட்டைத்தான் மாமா அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

உங்கள் வீட்டு டின்

அன்பர்களே, மாமாவின் எழுத்தில் இன்னொரு சேதியும் இருக்கிறது. 1990களில் தமிழ் மென்பொருள்கள் ஆளுக்கொரு குறியீட்டைப் பயன்படுத்தின. அந்தந்த எழுத்துரு இல்லாவிட்டால் கோப்பு முழுவதும் கிறுக்கலாகத் தெரியும். அன்று தட்டச்சு செய்த எத்தனையோ கதை, கவிதை, சங்க மலர் இன்று வட்டு பிழைத்தாலும் படிக்கச் சிரமம். எழுத்துரு இல்லாமல் படமாக வரைந்த மாமாவின் ஆறேழு எழுத்துகளை மட்டும் இன்றும் சிறு பிள்ளைகூடப் படிக்கிறது.

நாட்டின் பொன்விழாவையொட்டி, 1965 முதல் 2015 வரை வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களைச் சமூகமும் தேசிய நூலக வாரியமும் கைகோத்து மின்னாக்கம் செய்தது உங்களுக்குத் தெரியும். வீடு வீடாகக் கேட்டுப் புத்தகம் திரட்டினார்கள். காகிதத்துக்குச் செய்ததை வட்டுகளுக்கும் செய்ய வேண்டும். காகிதம் நூறு ஆண்டு தாங்கும். வட்டு தாங்காது.

ஆகவே என் வேண்டுகோள் எளிமையானது. வீட்டில் பழைய வட்டு இருந்தால் எறியாதீர்கள். பூஞ்சை பிடித்திருந்தால் அப்படியே இயக்கியில் செருகாதீர்கள். வட்டும் கெடும், இயக்கியும் கெடும். கடையில் மலிவாகக் கிடைக்கும் இயக்கி, சாதாரண அலுவலகக் கணினி வட்டைத்தான் படிக்கும். அமிகா போன்றவற்றின் வட்டுக்குத் தனிக் கருவியும் தெரிந்த ஆளும் வேண்டும். எடுத்த நகலை ஒரே இடத்தில் வைக்காமல், வெவ்வேறு வீட்டில் இரண்டு பேரிடமாவது கொடுத்து வையுங்கள். கொடுக்கும்போது, செய்தவர் யார் என்று எழுதிக் கொடுங்கள். செய்தவர் உயிரோடு இருந்தால், ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

பகிர்ந்தால் குறையுமா என்று தலைப்பில் கேட்டிருக்கிறீர்கள். மாமாவிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அவனுக்கு இன்னொரு காப்பி கொடுத்திருந்தால் அந்த ‘ழ்’ மிஞ்சியிருக்கும்” என்றார்.

இந்தத் தீபாவளிக்கு அந்த விளக்கை நண்பரின் மகளுக்கும், எங்கள் உறவினர் எல்லாருக்கும் அனுப்பப்போகிறோம். மாமா மறுபடியும் வரைகட்டத் தாள் வாங்கியிருக்கிறார். விட்டுப்போன எழுத்துகளை வரைந்துகொண்டிருக்கிறார். முடிவில் ஓடும் பெயர்வரியில் இந்த முறை இரண்டு பெயர் இருக்கும்.